பிரான்ஸ் மாப்பிள்ளையின் வீங்கிய கண்

புதுச்சேரியை ஒட்டியிருக்கிற எங்கள் கோட்டக்குப்பத்தில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஆண்கள் எல்லோரும் பிரான்ஸ்காரர்கள்தான். ஆப்பிரிக்காவில் பாலைவனத்தைக் காவல் காத்தவரும் பிரான்ஸ், ஏதோ ஒரு தீவில் ராணுவ லாரி ஓட்டியவரும் பிரான்ஸ். எந்த ஊர், என்ன வேலை என்று துருவிக் கேட்பது மரியாதை இல்லை. பெண் கொடுக்கிற வீட்டிலும் கேட்க மாட்டார்கள். ‘மாப்பிள்ளை பிரான்ஸ்’ என்று சொல்லிவிட்டால் போதும், பிரியாணிக்கு அரிசி அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

நிக்காஹ் முடிந்து கொஞ்ச நாளிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஷோகேஸில் இருந்த ஈபிள் கோபுர பொம்மையைத் துடைத்துக்கொண்டே, “இதுல ஏறியிருக்கீங்களா?” என்று கேட்டேன். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. கோபுரத்தைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்ததாகவும், பொம்மையை விமான நிலையத்தில் வாங்கியதாகவும் சொன்னார். ராணுவத்தில் அவருடைய சர்வீஸ் பெரும்பாலும் கயானாவில் கழிந்ததாம். தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கையில் வைத்திருக்கிற ஒரு மூலை அது.

“அங்க இன்னா இருக்குது?” என்றேன்.

“காடு,” என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் நாத்தனாருக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, அது சிரிக்கிற விஷயமாக இல்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். “காட்டுல இருந்தான்னு வெளியில சொல்லிடாதம்மா. பேரு பிரான்ஸ்னே இருக்கட்டும்,” என்று என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கும் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பிரான்ஸ்காரர் பெண்டாட்டி என்றால் துணிக்கடையில் நாற்காலி போடுவார்கள். நானும் பிரான்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

கயானாவைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். பனை ஓலை வேய்ந்த குடிசையில் தூங்கி ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவருடைய வலது கண் போண்டா மாதிரி வீங்கியிருந்ததாம். வலி கிடையாதாம். ஆனால் நாள் கணக்கில் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். கூட இருந்த சிப்பாய்கள், உள்ளூர்ப் பெண் யாரோ கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டாள் என்று கேலி செய்திருக்கிறார்கள். “பூச்சி கடிச்சிச்சு” என்பார் இவர். வலிக்காமல் கடிக்கிற பூச்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிப்பாய்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். எங்களுக்குள் சண்டை முற்றி, பேச எதுவும் இல்லாமல் போனால், “எவ அடிச்சா, அத மொதல்ல சொல்லுங்க” என்பேன். அவர் சிரித்துவிடுவார். சண்டை முடிந்துவிடும். அந்தக் கண் எங்கள் வீட்டுக்கு எவ்வளவோ உபகாரம் செய்திருக்கிறது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மரக்காணத்தில் ஒரு நண்பரோடு கூட்டுச் சேர்ந்து உப்பளம் எடுத்தார். நாங்களும் மரக்காணத்துக்கே குடி வந்தோம். அவர் அடிக்கடி மயங்கி விழ ஆரம்பித்தது அங்கேதான். அது 2004 கோடை.

வரப்பில் நின்று பேசிக்கொண்டிருப்பார். பேச்சு பாதியில் நிற்கும், ஆள் கீழே கிடப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுவார். முதல் தடவை விழுந்தபோது அளத்து மேஸ்திரி ஓடிப்போய் மோட்டார் கொட்டகையின் இரும்புச் சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்து அழுத்தினார். இவர் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், இது வலிப்பு என்று முடிவாகிவிட்டது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போய், “வலிப்பு வருதுங்க” என்று நாங்களே சொன்னோம். அவர் வலிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொட்டகைச் சாவி அன்றிலிருந்து இவருடைய சட்டைப் பாக்கெட்டில் குடியேறியது. கொட்டகைக்கு வேறு பூட்டு வாங்கினோம்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. கடல் உப்புப் பாத்திகளுக்குள் புகுந்து சேற்றை நிரப்பிவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்லாஹ்வுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இவர் மயங்கி விழுந்தபோதெல்லாம், “சுனாமி பயம்” என்றார்கள். சுனாமிக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தார் என்று நான் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சேற்றை அள்ளி, பாத்திகளை மிதித்துச் சரிசெய்து, உப்பு மறுபடி பூக்க ஆரம்பித்த ஒரு காலை. நான் இட்லி எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போயிருந்தேன். இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. “இன்னாங்க?” என்றேன். என்னைப் பார்த்துப் பேசினார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. வந்தது தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. மேஸ்திரி பாய்ந்து வந்து, இவர் பாக்கெட்டிலிருந்தே சாவியை எடுத்து வலது கையில் வைத்தார். சாவி கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. விரல்கள் மூடவே இல்லை.

“அக்கா, இது வேறங்க,” என்றார் மேஸ்திரி. உப்பு ஏற்ற வந்த வண்டியிலேயே இவரைப் படுக்க வைத்து, ஈசிஆர் ரோட்டில் புதுச்சேரிக்கு ஓட்டினோம். வழி முழுக்க எனக்குத் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். நடுநடுவே டிரைவரையும் திட்டினேன்.

பக்கவாதம் என்றார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி போய் அடைத்துக்கொண்டிருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அது ‘தண்ணி’. என்னைப் பார்த்தாலும் தண்ணி, தலையணை வேண்டுமென்றாலும் தண்ணி. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. தான் சொல்வது தப்பு என்பதும் புரிந்தது. அதுதான் கொடுமை. தண்ணி என்று சொல்லிவிட்டு, அது இல்லை என்று தானே தலையை ஆட்டிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

இதய டாக்டர் ஒரு அம்மாள். நரைத்த முடி, சிரிக்காத முகம். பிரஷர் இருந்ததா, சர்க்கரை இருந்ததா, சிகரெட் உண்டா என்று எல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“கட்டி மூளையில உருவாகலம்மா. இதயத்துலேர்ந்து போயிருக்கு. அவரு இதயத்தோட நுனி பலூன் மாதிரி உப்பியிருக்கு. அங்க இன்னும் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கு.”

“அதுவும் மூளைக்குப் போயிடுமா?”

“போகலாம். போகாம இருக்க மருந்து குடுக்கறோம். ஆனா இந்த இதயம் ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு இப்படி ஆகும். இவருக்கு ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமா இருக்கு. வேலை எங்க பாத்தாரு?”

“பிரான்ஸ்,” என்றார் என் நாத்தனார், நான் வாயைத் திறப்பதற்குள். செய்தி கேட்டதும் கோட்டக்குப்பத்திலிருந்து வந்துவிட்டிருந்தார். கையில் ஒரு கூடை, கூடைக்குள் உயிரோடு புறாக்கள். வாதத்துக்குப் புறா சூப் நல்லது என்று அவர் நம்பிக்கை. “பாரிஸ்ல இருந்தாங்க டாக்டர். பிரெஞ்சு மிலிட்டரி.”

நானும் தலையாட்டினேன். எத்தனையோ வருஷப் பழக்கம். அதுவும் இதயத்துக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மாள் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன ‘போகலாம்’ என்னைத் தூங்க விடவில்லை. காரணம் தெரியாத ஒரு கட்டி இவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது, எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை அந்த ஒற்றைச் சொல்லையும் கொண்டுபோய்விடும், அல்லது ஆளையே கொண்டுபோய்விடும். அவர் இருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், பழைய விஷயங்களைப் பேசிக்கொண்டே இருங்கள், அவருக்குப் பிடித்ததைச் சொல்லி வம்புக்கு இழுங்கள் என்று சொல்லியிருந்தாள். வம்புக்கு இழுக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் டாக்டரம்மாள் ரவுண்ட்ஸ் வந்து, சின்ன டார்ச்சை அடித்து இவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரிடம் சொன்னேன்:

“இந்தக் கண்ணுதானே அன்னிக்கு வீங்குச்சு? எவ அடிச்சான்னு இப்பவாவது சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

இவர் வாயின் நல்ல பக்கம் லேசாகச் சிரித்தது. டாக்டரம்மாள் டார்ச்சை அணைத்தார்.

“எப்ப வீங்குச்சும்மா?”

“அது ரொம்ப வருஷம் ஆச்சுங்க. பூச்சி கடிச்சிச்சுன்னு எங்கிட்ட கதை விட்டாரு. ஒரு கண்ணு மட்டும். வலியே இல்லியாம். ஓலைக் குடிசையில தூங்கினாராம்.”

“பாரிஸ்ல ஏதும்மா ஓலைக் குடிசை?”

கட்டிலுக்குக் கீழே நாத்தனார் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “காலை எடுங்க,” என்று சத்தமாகவே சொன்னேன். “பாரிஸும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். கயானாவுல காட்டுல இருந்தாரு. சர்வீஸ் பூரா காடுதான். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பிரான்ஸ்னு சொல்லிட்டாங்க. பொண்ணுதான் குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மறைக்கணும்?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். டாக்டர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் இருந்தது. இவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, “காட்டுல, ஓலைக் கூரையிலேர்ந்து பூச்சி விழுமா?” என்று கேட்டார். இவர் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டினார்.

மறுநாள் படித்துவிட்டு வந்து சொன்னார். சாகஸ் என்று ஒரு நோய். தென் அமெரிக்காப் பக்கம்தான் உண்டு, நம் ஊரில் கிடையாது, அதனால் யாருக்கும் தோன்றாது. ராத்திரியில் முகத்தில் கடிக்கிற ஒரு பூச்சி. கடித்த இடத்தில் எச்சம் போட்டுவிட்டுப் போகும். அதைத் தேய்த்துக்கொண்டால் எச்சத்தில் இருக்கிற கிருமி உள்ளே போய்விடும். கண்ணில் பட்டால் கண் வீங்கும், பிறகு வடிந்துவிடும். ஆள் மறந்தேபோவார். கிருமி மறக்காது. வருஷக்கணக்கில் இதயச் சதையில் குடியிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். சிலருக்குத்தான் இப்படி முற்றும் என்றும், சந்தேகம்தானே தவிர இன்னும் உறுதி இல்லை என்றும் சொன்னார். ரத்தத்தைப் பாரிசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

“கடைசியில பாரிஸ்தானே,” என்று முணுமுணுத்தார் நாத்தனார்.

“ஒட்டிக்குமா டாக்டர்?” என்றேன். கூடச் சாப்பிட்டால், கூடப் படுத்தால் ஒட்டாது. ரத்ததானம் மட்டும் செய்யக் கூடாது என்றார்.

இவரை ஒரு மெஷினில் இணைத்து நாள் முழுக்கப் பார்த்தார்கள். இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடியது அதில் தெரிந்தது. அளத்தில் விழுந்து விழுந்து எழுந்தாரே, அது வலிப்பே இல்லை. இதயம் நிற்கும்போது விழுந்திருக்கிறார், திரும்ப ஓடும்போது எழுந்திருக்கிறார். இரும்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் எழுந்திருப்பார். தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். பார்க்க வந்த மேஸ்திரி அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இரும்ப உள்ளயே வெச்சிட்டாங்களா பாய்?” என்றார். இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது.

ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை. அதைத் தவறவிடக் கூடாது, அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், கீரையைக் கூட ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று பல கெடுபிடிகள். வீட்டுக்கு வந்த பிறகு இவருக்கு மாத்திரை மேல் வெறுப்பு வந்தது. இடது கையால் தள்ளிவிடுவார். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு சாயங்காலம் ஆட்டோவில் அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

“தோ பாருங்க, வாய்க்கால்ல தண்ணி ஓடுது. அதுல உப்பு கட்டுதா? கட்டல. பாத்தியில வந்து நின்னாத்தான் கட்டுது. உங்க நெஞ்சுல அந்தப் பூச்சி ஒரு பாத்தி வெட்டி வெச்சிட்டுப் போயிருக்குது. ரத்தம் அதுல வந்து நிக்குது, நின்னு கட்டுது. கட்டினது ஒரு துண்டு பேந்து மேல போயிடுச்சு. இந்த மாத்திரை அங்க கட்ட விடாது. போதுமா? இப்பவாவது முழுங்குங்க.”

அவர் பாத்தியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். இடது கையை நீட்டினார். அதற்குப் பிறகு மாத்திரைக்காக நாங்கள் சண்டை போடவில்லை.

பாரிசிலிருந்து முடிவு வர வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. தண்ணி, சோறு, போ, வா. என் பெயர் மட்டும் வரவில்லை. வராமல் போனாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும் என்று நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் டாக்டரம்மாள் எங்களைக் கூப்பிட்டார். ரத்தத்தில் அந்தக் கிருமியின் தடயம் இருக்கிறது, சாகஸ்தான், சந்தேகமே இல்லை என்றார். இவ்வளவு வருஷம் கழித்துக் கிருமியைக் கொல்லுகிற மருந்தால் பெரிய பலன் இருக்காது, கெட்ட சதை கெட்டதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் எதற்கு எதிராகக் காவல் இருக்கிறோம் என்று இப்போது தெரிந்துவிட்டது. புதிதாக எடுத்த ஸ்கேனில் அந்தப் பழைய கட்டி கரைந்துபோயிருந்தது.

கரைந்துவிட்டது என்பதை டாக்டரம்மாளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அப்போது இவர் என் முழங்கையைத் தொட்டார். நான் திரும்பினேன். தன் வலது கண்ணை இடது கை விரலால் காட்டினார். முகத்தைச் சுளித்து, உதட்டைக் கூட்டி, பெரிய பாடுபட்டு ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்.

“பூச்சி,” என்றார்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “பூச்சி... தான்,” என்றார்.

டாக்டர் முன்னாலேயே ஓவென்று அழுதேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன். “ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன். எவளும் அடிக்கல,” என்றேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவர் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தடுக்கவில்லை. அத்தனை வருஷம் கேலி செய்ததற்கு அந்த மனுஷனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

என் நாத்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். மறைத்ததையும் முழுசாக மறைத்தார், சொல்ல ஆரம்பித்ததும் முழுசாகச் சொன்னார். கோட்டக்குப்பத்தில் பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய் ஒருவரையும் விடவில்லை. பள்ளிவாசல் தெருவில் வழிமறித்து, “பிரான்ஸ் பிரான்ஸ்னு சொன்னியே, பிரான்ஸ்ல எங்க இருந்தே? காட்டுல இருந்தியா? கண்ணு வீங்குச்சா?” என்று கேட்டார். அவரைக் கண்டாலே சந்துக்குள் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் கயானாவில் இருந்த ஒருவர், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்ல, அவரை ஆட்டோவில் ஏற்றி அதே டாக்டரம்மாளிடம் கொண்டுபோனார். அவருக்கும் அதே நோய் இருந்தது. பக்கவாதம் இன்னும் வரவில்லை, வருவதற்கு முன்னாலேயே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பெண்டாட்டி வீடு தேடி வந்து நாத்தனார் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாத்தனார் அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவே இல்லை. சூப் ஆகாமல் தப்பித்த புறாக்களும் எங்கள் மொட்டைமாடியில் குட்டி போட்டுப் பெருகிவிட்டன; புறா முட்டைதான் போடும் என்று அவர் திருத்துவார், திருத்தட்டும்.

2006-இல் மழைக்காலச் சேற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு உப்பு வேலை மறுபடி தொடங்கிய நாள் அளத்துக்குப் போனோம். இவர் கோலை ஊன்றிக்கொண்டு தானே நடந்தார். முந்தின நாளே மேஸ்திரியிடம் ஜாடை காட்டிக் கொட்டகையில் பழைய பூட்டை மாட்டி வைக்கச் சொல்லியிருந்தார். என்ன யோசனை என்று என்னிடம் சொல்லவில்லை. கொட்டகை முன்னால் நின்று, பாக்கெட்டிலிருந்து சாவியை இடது கையால் எடுத்தார். எடுத்து வலது கைக்கு மாற்றினார். டீ கிளாஸை விட்ட கை அது. விரல்கள் ஒவ்வொன்றாக மூடின. பூட்டுத் துவாரத்தில் சாவி உரசிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி உதவிக்கு ஒரு அடி எடுத்து வைத்தார். நான் முறைத்த முறைப்பில் நின்றுவிட்டார்.

பூட்டுத் திறந்தது. மேஸ்திரி உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் பாத்தியைப் பார்த்து ஓடியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்து என் பெயரைச் சொன்னார். பாதிதான் வந்தது, ஆனால் என் பெயர்தான். பிறகு உள்ளே போய், சாவியைப் பாக்கெட்டில் போடாமல், கொட்டகைச் சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.